எலக்ட்ரானுக்கும் ஹிக்ஸ் போசானுக்கும் உள்ள இணைப்பைக் கணக்கிடுவது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் ஒரு சயின்டிபிக் கால்குலேட்டர் இருந்தால் போதும்.

முதல் படி: 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகத்தில் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் போசான், வெளியெங்கும் நிறைந்துள்ள ஹிக்ஸ் புலத்தின் அதிர்வாகும். வெற்றிடத்திலும் அப்புலத்தின் மதிப்பு சுழியாவதில்லை. அது 246 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். இப்புலத்தோடு எவ்வளவு வலுவாக இணைகிறதோ அவ்வளவு நிறையை எலக்ட்ரான் பெறுகிறது என்கிறது, அடிப்படைத் துகள்களை விளக்கும் கோட்பாடான ஸ்டாண்டர்ட் மாடல். ஆகவே, நிறையை 1.414 ஆல் (2இன் வர்க்கமூலம்) பெருக்கி 246 ஆல் வகுத்தால், இந்த இணைப்பின் வலுவைச் சொல்லும் யுகாவா இணைப்பு எண் கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: எலக்ட்ரானின் நிறை 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட். அலகை மாற்றாவிட்டால் விடை ஆயிரம் மடங்கு பிசகும் என்பதால், முதலில் 0.000511 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் என எழுதிக்கொள்ளுங்கள். திரையில் 2.94 என்றும், அதன் வலது ஓரத்தில் பொடியாக −06 என்றும் தெரியும். அந்த ஓரத்து எண்ணை விட்டுவிட்டு விடை எழுதுவோர் ஏராளம். விஷயமே அதில்தான் இருக்கிறது. எலக்ட்ரானின் இணைப்பு எண் பத்து லட்சத்தில் மூன்று பங்குதான். 173 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் நிறை கொண்ட டாப் குவார்க் என்ற கனமான துகளுக்கோ அது ஏறத்தாழ 1.

மூன்றாம் படி: ஹிக்ஸ் ஒரு துகள் இணையாக (துகளும் அதன் எதிர்த்துகளும்) சிதையும் வாய்ப்பு, இணைப்பு எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகளான மியூவான் அதைவிட 207 மடங்கு நிறையுடையது. வர்க்கம் ஏறத்தாழ 43,000. சுமார் 4,600 ஹிக்ஸ்களில் ஒன்று மியூவான் இணையாகச் சிதையும் என்பது கோட்பாட்டுக் கணிப்பு. இரண்டையும் பெருக்கினால், எலக்ட்ரான் இணையாகச் சிதைவது ஏறத்தாழ 20 கோடியில் ஒன்று என வரும். 2011 கணக்கெடுப்பின்படி நம் இரு மாவட்ட மக்கள்தொகையைப் போல அந்த 20 கோடி சுமார் 60 மடங்கு.

மியூவான் சிதைவுக்கான சான்றை 2020இல் செர்னில் இயங்கும் சிஎம்எஸ் ஆய்வுக் குழு வெளியிட்டது. எலக்ட்ரானுக்கு இன்னும் இல்லை. 2015 முதல் 2018 வரை செர்னின் எல்எச்சி மோதுகருவியின் ஒரு பெரிய உணர்கருவிக்குள் உருவான ஹிக்ஸ்களே சுமார் 80 லட்சம்தான். ஆகவே, நீங்கள் கண்ட எண் கோட்பாட்டின் கணிப்பே தவிர அளவீடு அன்று. இதைப் பாடநூல்கள் இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

நான்காம் படி, கணக்கைத் திருப்பிப் போடுவது. சிதைவுக்குக் காத்திராமல், எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும், ஹிக்ஸின் நிறைக்குச் சமமான மொத்தம் 125 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் மோதவிட்டு ஹிக்ஸை நேரடியாக உருவாக்கலாம். செர்ன் திட்டமிடும் எதிர்கால வட்ட மோதுகருவிக்காக இவ்வழி ஆராயப்படுகிறது. ஆனால் ஹிக்ஸின் ஆற்றல் அகலம், அதாவது அது உருவாகக்கூடிய ஆற்றலின் வீச்சு, ஏறத்தாழ 4 மெகா எலக்ட்ரான் வோல்ட்தான் என்பதால், கற்றையின் ஆற்றல் சிதறலையும் அந்த அளவுக்குச் சுருக்க வேண்டும்.