பிராம்ஸின் நான்காவது சிம்பொனி: மூன்று பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்கும் முறை

நாலைந்து பதிவுகளை முழுசாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் கடைசியாகக் கேட்டதுதான் காதில் நிற்கும். ஒரு படைப்பு, மூன்று பதிவு, சில சின்ன இடங்கள் என்று தொடங்குங்கள். 1885இல் அரங்கேறிய, ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் நான்காவது சிம்பொனி (நான்கு பகுதிகள் கொண்ட ஆர்கெஸ்ட்ரா இசை) இதற்கு நல்ல தேர்வு. இதில் மெட்ரோனோம் எண், அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற குறிப்பு, கிடையாது. காலப்பிரமாணத்தை இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர்தான் தீர்மானித்தாக வேண்டும். பிராம்ஸின் முதல் மூன்று சிம்பொனிகளின் முதல் பகுதியில் திரும்ப வாசிக்கும் குறி உண்டு. சிலர் வாசிப்பார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். மொத்த நிமிடக் கணக்கை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். நான்காவதில் அந்தச் சிக்கல் இல்லை.

பதிவுகள் (கண்டக்டர், இசைக்குழு, ஆண்டு): கார்லோஸ் கிளைபர், வியன்னா பில்ஹார்மோனிக், 1980; ஃபுர்ட்வாங்லர், பெர்லின் பில்ஹார்மோனிக், 1948 கச்சேரிப் பதிவு; ஜான் எலியட் கார்டினர், பழைய பாணி வாத்தியங்களோடு, 2008. ஸ்கோரை, அதாவது எழுதிய இசைக்குறிப்பை, ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணைய நூலகத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

முதலில் ஒலி அளவைச் சமன் செய்யுங்கள். ஓரிரு டெசிபல் கூடினாலே அந்தப் பதிவு 'உயிரோட்டமாக' இருப்பதாகத் தோன்றிவிடும். அடுத்து சுருதி. கடைசிப் பகுதியின் முடிவு நாண் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) ஈ மைனர், அதாவது ஈ ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்டது. கீபோர்டில் ஈ அழுத்திப் பாருங்கள். பழைய பதிவை மாற்றியெடுத்தபோது சுருதி அரை ஸ்வரம் ஏறியிருந்தால், வேகமும் சுமார் 6 சதவீதம் ஏறியிருக்கும். அது கண்டக்டரின் வேகம் அல்ல. கச்சேரிப் பதிவுகளில் கைதட்டலையும் இடைவெளியையும் கழித்துவிட்டே நேரத்தைக் குறியுங்கள்.

இப்போது நான்காவது பகுதிக்குப் போங்கள். எட்டே பார் (தாள வட்டம்) நீளமுள்ள ஒரு கரு, அதன்மேல் 30 மாற்றங்கள், பிறகு கோடா எனும் முடிவுப் பகுதி. ஏறக்குறைய ஒவ்வொரு மாற்றமும் எட்டு பார் என்பதால் ஸ்டாப்வாட்சுக்கு இதைவிட வசதியான இசை அமையாது. தொடக்கத்தில் பாருக்கு ஒன்றாக எட்டு நாண்கள் வரும். பாருக்கு மூன்று அடி, மொத்தம் 24 அடி. அடிகளை விநாடியால் வகுத்து 60ஆல் பெருக்குங்கள். 16 விநாடி பிடித்தால் நிமிடத்துக்கு 90 அடி.

அடுத்து 97ஆம் பார், தனிப் புல்லாங்குழல். இங்கே தாளம் 3/4இலிருந்து 3/2 ஆகிறது. பார் இரட்டிப்பாக நீள்கிறது, அடி மட்டும் மாறுவதில்லை. எட்டு பாருக்கு 48 அடி. சோகச் சாயலுள்ள மைனர் பிரகாசமான மேஜராக மலரும் கணம்வரை, அதாவது 105ஆம் பார் தொடங்கும்வரை அளவெடுங்கள். அடி மாறாமல் இருந்தால் 32 விநாடி வர வேண்டும். 44 விநாடி வந்தால் 65 அடிக்கு இறங்கியிருக்கிறார் என்று அர்த்தம். 129ஆம் பாரில் கரு திரும்பி வரும்போது பழைய வேகத்துக்கு மீள்கிறாரா என்பதையும் அளந்துவிடுங்கள். இந்த மூன்று எண்களும் போதும், கண்டக்டர் இந்தப் பகுதியை ஒரே மூச்சாகப் பார்க்கிறாரா, தனித்தனிக் காட்சிகளாகப் பார்க்கிறாரா என்பது பிடிபட்டுவிடும். (கையால் அழுத்துவதில் அரை விநாடி பிசகும், மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.)

வேகம் குறைந்தாலே தவறு என்று முடிவுகட்டாதீர்கள். பிராம்ஸே ஸ்கோரில் பென்சிலால் வேக மாற்றங்களைக் குறித்துவைத்திருந்ததாக 1886இல் வயலின் கலைஞர் யோவாக்கிமுக்கு எழுதியிருக்கிறார். கேட்க வேண்டியது, மாற்றம் எப்படி வருகிறது என்பதைத்தான். முதல் பகுதியின் தொடக்கத்துக்குத் திரும்பி, ஃபுர்ட்வாங்லரின் முதல் ஸ்வரத்தைக் கேளுங்கள்: வயலின்களின் அந்த ஒற்றை 'பி' நிசப்தத்திலிருந்து மெல்லக் கசிந்து, நீண்டு, பிறகுதான் இறங்குகிறது. கிளைபரிடம் அதே ஸ்வரம் நேராகப் பாட்டுக்குள் நுழைந்துவிடும். முதல் பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் ஃபுர்ட்வாங்லர் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகிறார். கிளைபர் கடிவாளத்தை விடாமலே அதே சூட்டைக் கொண்டுவருகிறார். அதுதான் கடினம், என் ஓட்டும் அதற்கே.

கார்டினரிடம் கமகம்போல் அசையும் விப்ராட்டோ குறைவு, விலங்குக் குடலால் ஆன கம்பிகளும் சேர்கின்றன. அதனால் மரக்குழல் வாத்தியங்கள் தனித்தனியே துலங்கும். அதை வேகத்தோடு சேர்த்து மதிப்பிடாதீர்கள். தெளிவாகக் கேட்பதாலேயே வேகமாகத் தோன்றும். ஸ்டாப்வாட்ச் எண்ணைப் பார்த்துவிட்டு அந்த இடத்தை மறுபடி கேளுங்கள். மறுநாள் பதிவுகளின் வரிசையைத் தலைகீழாக்கி, குறிப்பைப் பார்க்காமல் கேட்டு, இரண்டு நாள் தீர்ப்பும் ஒத்துப்போன இடங்களை மட்டும் நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.