குழலும் சைன் அலையும்: தொடக்கநிலையாளருக்கான ஒரு மின்னணு இசைப் பயிற்சி

மின்னணு ஒலியை வாத்தியத்துடன் சேர்ப்பது என்றால், பாட்டுக்குப் பின்னால் ஒரு கீபோர்டு ஒலியைப் பரப்பிவிடுவது என்றே பலர் எண்ணுகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டு, தனித்தனியே எதிலும் இல்லாத மூன்றாவது ஒன்றைப் பிறப்பிக்கும்போதுதான் அந்தச் சேர்க்கைக்குப் பொருள் உண்டு என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்காவில் பிறந்து, புல்லாங்குழல் கலைஞர் டி. விசுவநாதனிடம் கர்நாடக இசை பயின்று, ஹிக்கின்ஸ் பாகவதர் என்று நம் மேடைகளில் போற்றப்பட்ட ஜான் ஹிக்கின்ஸ் 1984-இல் மறைந்தார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவரைப் போலவே ஆசிரியராக இருந்த இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர், அவர் நினைவாக ஒரு கிளாரினெட்டையும் மிக மெதுவாக மேலேறும் ஒரு தூய மின்னணு ஒலியையும் மட்டுமே கொண்டு ஒரு படைப்பை எழுதினார். அதன் அடிப்படை உத்தியை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

தம்புராவுக்குச் சுருதி கூட்டும்போது, இரு தந்திகள் சற்றே விலகியிருந்தால் ஒலி அலையலையாக ஏறி இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள். இயற்பியல் பாடநூல்கள் இதை விம்மல் என்கின்றன. இரு அதிர்வெண்களின் வேறுபாடு எவ்வளவோ, நொடிக்கு அத்தனை விம்மல்கள் எழும். சுருதி கூட்டுபவர் ஒழிக்க முயலும் அந்த விம்மலைத்தான் இங்கே இசையாக்கப் போகிறோம்.

முதலில் புல்லாங்குழல், வயலின், கிளாரினெட் போன்று ஒலியை நீட்டிப் பிடிக்கக்கூடிய ஒரு வாத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீணையின் நாதம் மீட்டியதுமே தேயத் தொடங்குவதால் தொடக்கப் பயிற்சிக்கு அது அவ்வளவாக உதவாது. ஒரு சுரத்தை அசைவின்றி வாசித்து, கைபேசியிலுள்ள ட்யூனர் செயலியில் அதன் அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளைத் திறந்து, ஜெனரேட் பட்டியலில் சர்ப் (Chirp, அதிர்வெண் மாறிக்கொண்டே செல்லும் ஒலி) என்பதைத் தேர்ந்தெடுங்கள். அலைவடிவம் சைன் (ஒரே அதிர்வெண் மட்டும் கொண்ட தூய ஒலி), தொடக்க அதிர்வெண் 430, முடிவு 450, வீச்சு இரு முனைகளிலும் 0.2, ஏற்றம் லீனியர், கால அளவு 60 நொடி என்று அமையுங்கள். இப்போது ஒலி மூன்று நொடிக்கு ஒரு ஹெர்ட்ஸ் வீதம் ஏறும். காதால் அந்த ஏற்றத்தைக் கண்டுகொள்வது கடினம்.

இதை ஹெட்ஃபோனில் கேட்காமல் ஸ்பீக்கரில் ஒலிக்கவிடுங்கள், ஏனெனில் இரு ஒலிகளும் அறையின் காற்றிலேயே கலக்க வேண்டும். 15-ஆவது நொடியில் உங்கள் சுரத்தைத் தொடங்கினால் நொடிக்கு ஐந்து விம்மல்கள் கேட்கும். மூச்சு முடியும் 27-ஆவது நொடியில் அது ஒன்றாகக் குறைந்திருக்கும். மூச்செடுத்து 30-ஆவது நொடியில் மீண்டும் தொடங்குங்கள். அங்கே விம்மல் அடங்கி, இரு ஒலிகளும் ஒன்றாகி, பின் மெல்ல மெல்ல மறுபடி துடிக்கத் தொடங்கும். விம்மல் மங்கலாக இருந்தால், ஸ்பீக்கரின் அளவை வாத்தியத்தின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் சமமாக இருக்கும்போதுதான் அது ஆழமாகக் கேட்கும்.

இதில் மிகக் கடினமானது கணினி வேலை அன்று, வாசிப்பவரின் கட்டுப்பாடு. சுருதியோடு சேரப் பழகிய காது, சைன் அலையைத் தேடிப்போய் அதனுடன் இணைந்துவிடவே விரும்பும். குழலில் காற்றைச் சற்று அழுத்தினாலே சுரம் உயர்ந்துவிடும். கமகத்தையும் அசைவையும் முற்றிலும் விலக்கி, விலகிய இடத்திலேயே நிற்கப் பழக வேண்டும்.

பதிவு செய்ய ஒரே மைக் போதும், ஆனால் அதை வைக்கும் இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 440 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 78 செ.மீ. என்பதால், சுவர்களில் பட்டுத் திரும்பும் சைன் அலை ஓரிடத்தில் ஓங்கியும் ஒரு சாண் தள்ளி அடங்கியும் கேட்கும்.

இது கைவந்தபின், சைன் அலையை 870-இலிருந்து 890 வரை ஏற்றி, கீழே அதே 440-ஐக் குழலில் வாசித்துப் பாருங்கள். ஒரு சுரத்துடன் சேர்ந்தே அதன் இரண்டு, மூன்று மடங்கு அதிர்வெண்களில் மெலிதாக ஒலிப்பவற்றை அதன் இரண்டாம், மூன்றாம் சீரிசைகள் என்பார்கள். குழலின் இரண்டாம் சீரிசையான 880-உடன் அது உரசி விம்மும். கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயியில் இரட்டைப்படைச் சீரிசைகள் வலுவற்றவை என்பதால், அங்கே வாசிக்கும் சுரத்தின் இரு மடங்கில் அலையை வைத்தால் விம்மல் நன்கு எழாது. மூன்று மடங்கில் வைத்தால் எழும். எந்த வாத்தியத்துக்கு அலையை எங்கே வைப்பது என்ற இந்தத் தேர்விலிருந்தே உங்கள் முதல் படைப்பை எழுதத் தொடங்கலாம்.