எஸ்.பி.பி. விருதுப் பட்டியலை சார்ட் பேப்பரில் தப்பில்லாமல் எழுதுவது எப்படி?

தமிழ்நாடு-ஆந்திர எல்லையோரம், பொதட்டூர்பேட்டைப் பக்கம் தறி ஓடும் தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று தறி. இன்னொன்று, அந்தத் தறியை மீறிக் கேட்கவேண்டும் என்று அலறவிட்ட பாட்டு. பாதிப் பாட்டு தமிழ், பாதி தெலுங்கு. இரண்டிலும் பாதிக்கு மேல் ஒரே குரல்தான்.

பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல். செப்டம்பர் 25 அவருடைய நினைவு நாள். அதற்காக எங்கள் படிப்பகத்தில் ஒரு சார்ட் எழுதி ஒட்டினேன். ஒட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எதிர்வீட்டு மாமா வந்து நின்றார். "ஏம்ப்பா, சங்கராபரணம் 79-ல ரிலீஸ்னு எழுதியிருக்க? 80-ல வந்த படம்ப்பா அது. நகரிக்கு பஸ் புடிச்சுப் போய்ப் பார்த்தேன்."

அவர் சொன்னது சரி. நான் பார்த்து எழுதிய பட்டியலிலும் தப்பில்லை. தப்பு நான் போட்ட தலைப்பில்தான். பள்ளிக்கூடத்துக்கோ மன்றத்துக்கோ முதல்முறையாக இப்படி ஒரு சார்ட் எழுதப் போகிறவர்கள் அதே பள்ளத்தில் விழவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: முதலில் கட்டம்

ஒரு முழு சார்ட், ஸ்கேல், பென்சில், இரண்டு நிற ஸ்கெட்ச் போதும். நாலு கட்டம் போடுங்கள்: விருது ஆண்டு, படம், மொழி, இசையமைப்பாளர். முதல் கட்டத்துக்கு மேல் "வருடம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள், "வெளியான வருடம்" என்றும் எழுதாதீர்கள். "விருது ஆண்டு" என்றே எழுதுங்கள்.

காரணம் இதுதான். தேசியத் திரைப்பட விருதுக்குப் படம் தியேட்டருக்கு வந்த தேதி கணக்கில்லை, சென்சார் சான்றிதழ் வாங்கிய ஆண்டுதான் கணக்கு. சங்கராபரணம் தியேட்டருக்கு வந்தது 1980 பிப்ரவரியில், ஆனால் விருது 1979-க்கானது. மின்சார கனவு 1997 பொங்கலுக்கு வந்த படம், அதற்கு விருது 1996 கணக்கில். விருதைக் கையில் கொடுக்கும் விழா அதற்கும் பிறகு நடக்கும். ஆக ஒரே படத்துக்கு இரண்டு மூன்று வருடம் உலவும். எதை எழுதுகிறோம் என்பதைத் தலைப்பு சொல்லிவிட்டால் சண்டை இல்லை.

படி 2: ஆறு தேசிய விருதுகள்

சிறந்த பின்னணிப் பாடகர் என்று அவர் வாங்கிய இவைதான் சார்ட்டின் நடுப்பகுதி. பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள்.

1979 – சங்கராபரணம் – தெலுங்கு – கே.வி. மகாதேவன்
1981 – ஏக் துஜே கே லியே – இந்தி – லட்சுமிகாந்த் பியாரேலால்
1983 – சாகர சங்கமம் – தெலுங்கு – இளையராஜா
1988 – ருத்ரவீணா – தெலுங்கு – இளையராஜா
1995 – சங்கீத சாகர கானயோகி பஞ்சாக்ஷர கவாயி – கன்னடம் – ஹம்சலேகா
1996 – மின்சார கனவு – தமிழ் – ஏ.ஆர். ரகுமான்

மொழிக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே ஒருமுறை படியுங்கள். 1969-லேயே அடிமைப்பெண், சாந்தி நிலையம் என்று தமிழில் வந்துவிட்ட மனிதருக்குத் தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியாக. எங்கள் தெருவில் இதை நம்பாதவர்கள்தான் அதிகம்.

நம்பாததற்கும் காரணம் இருக்கிறது. சாகர சங்கமத்தை நாம் சலங்கை ஒலியாகப் பார்த்தோம். ருத்ரவீணா கதையை உன்னால் முடியும் தம்பியாகப் பார்த்தோம், அதிலும் இளையராஜா இசை, எஸ்.பி.பி. குரல். அதனால் தமிழ்ப் பெயரை எழுதிவிடக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள், விருது தெலுங்குப் படங்களுக்குத்தான். ஏக் துஜே கே லியே மட்டும் கொஞ்சம் வேடிக்கை. படம் இந்தி, இயக்கம் நம் பாலசந்தர், நாயகன் இந்தி வராத தமிழ்ப் பையன்.

இப்போது இரண்டாவது நிறத்தை எடுங்கள். அதே ஆண்டில் இசையமைப்பாளரும் தேசிய விருது வாங்கியிருந்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். ஆறில் ஐந்துக்கு நட்சத்திரம் விழும், இந்திப் படம் ஒன்றுதான் வெறுமையாக நிற்கும். 1981-ல் இசைக்கான விருது உம்ராவ் ஜான் படத்துக்காகக் கய்யாமுக்குப் போனது. சார்ட்டைப் பார்க்க வருகிறவர்களை நிறுத்துவது இந்த நட்சத்திரங்கள்தான். வெறும் பட்டியலை யாரும் நின்று படிப்பதில்லை.

படி 3: சரிபார்க்க ஒரு கூட்டல்

சில இடங்களில் ஆண்டு இருக்காது, "27ஆவது தேசிய விருது" என்று மட்டும் போட்டிருக்கும். அந்த எண்ணோடு 1952-ஐக் கூட்டுங்கள். 27-க்கு 1979 வரும், 44-க்கு 1996 வரும். முதல் விருதுகள் 1953-ஆம் ஆண்டுப் படங்களுக்குத் தரப்பட்டவை என்பதால் இந்தக் கணக்கு. எங்கிருந்து எடுத்த பட்டியலாக இருந்தாலும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்கெட்ச்சைத் தொடுங்கள்.

படி 4: மற்ற விருதுகள்

பத்ம விருதுகள் மனதில் நிற்க எளிது, பத்துப் பத்து வருட இடைவெளி. 2001-ல் பத்மஸ்ரீ, 2011-ல் பத்மபூஷண், 2021-ல் பத்மவிபூஷண். கடைசியின் பக்கத்தில் "மறைவுக்குப் பின்" என்று எழுத மறக்காதீர்கள், அவர் இறந்தது 2020-ல்.

மாநில அரசு விருதுகளுக்குத் தனிப் பெட்டி போடுங்கள். ஆந்திராவின் நந்தி விருதில் டப்பிங் குரலுக்கும் ஒரு பிரிவு இருந்தது. தெலுங்கில் கமலுக்குக் குரல் கொடுத்தவர் இவர் என்பது தெரியுமல்லவா? அதனால் நந்தி விருதை எல்லாம் பாட்டுக் கணக்கில் கொட்டிவிடாமல் பிரித்து எழுதுங்கள். தனியார் விருதுகளுக்கு ஓரத்தில் இரண்டு வரி போதும்.

படி 5: பிறந்த ஊர், பாட்டுக் கணக்கு

எல்லைப்பக்கம் சார்ட் ஒட்டுகிறவர்களுக்கு வரும் பெரிய தகராறு இது. அவர் பிறந்தது 1946 ஜூன் 4, கோனேட்டம்பேட்டையில். அப்போது எல்லாமே மதராஸ் மாகாணம். 1953-ல் ஆந்திரா தனியானது. 1960-ல் திருத்தணிப் பகுதி தமிழ்நாட்டுப் பக்கம் வந்து சேர்ந்தது. அதனால் "கோனேட்டம்பேட்டை, இன்றைய திருவள்ளூர் மாவட்டம்" என்று எழுதுங்கள். "இன்றைய" என்ற ஒரு சொல் பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும். அவரை அடக்கம் செய்த தாமரைப்பாக்கமும் இதே மாவட்டம்தான்.

மொத்தப் பாட்டு 40,000 என்று எழுதலாமா என்று பையன்கள் கேட்பார்கள். ஒவ்வொன்றாக எண்ணிய பட்டியல் கையில் இல்லாதபோது "பல்லாயிரம்" போதும்.

படி 6: கீழே இடம் விடுங்கள்

சார்ட்டின் அடியில் நாலு விரல் அகலம் காலியாக இருக்கட்டும். மேலே "விருது வாங்காத, உங்களுக்குப் பிடித்த பாட்டு" என்று எழுதி, ஒரு பென்சிலை நூல் கட்டித் தொங்கவிடுங்கள். நாங்கள் திருத்தி ஒட்டிய இரண்டாவது சார்ட்டில் அந்த இடம் மத்தியானத்துக்குள் நிறைந்துவிட்டது. முதல் வரி எதிர்வீட்டு மாமா எழுதியது, தெலுங்கு எழுத்தில். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. "என்ன பாட்டு மாமா?" என்று கேட்டேன். சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார்.