திறப்பு கனநாள் என்னட்டை இருந்தது: வன்னிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை

ஒன்ராறியோவில் மே 18உடன் முடியும் வாரத்தைத் தமிழின அழிப்பு அறிவூட்டல் வாரமாக 2021இல் சட்டமாக்கினார்கள். பள்ளியில் எதையோ கேட்டுவிட்டு வரும் பிள்ளை சாப்பிடும்போது கேட்கிறது: "அம்மா, எங்கட ஆக்கள் ஆராவது முள்ளிவாய்க்காலில இருந்தவையா?" அம்மா கறியைக் கிண்டிக்கொண்டே, "ஆறப்போகுது, சாப்பிடு" என்கிறார். இலங்கையின் வடக்கே, வன்னியில், 2009 மே 18இல் போர் முடிந்த கடற்கரை ஊர் முள்ளிவாய்க்கால். அந்தக் கேள்வியோடு ஊருக்குப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விசாவுக்கும் வாடகை வானுக்கும் வேறு ஆட்களைக் கேளுங்கள்.

பெட்டியில் முதலில் வைக்க வேண்டியவை படங்கள். வன்னியில் இருந்த சனம் 2008இன் கடைசியிலிருந்து 2009 மே வரை ஊர் ஊராக இடம்பெயர்ந்தது. முதலில் தளபாடத்தை விட்டார்கள், அப்புறம் உடுப்பை, கடைசியில் ஆல்பத்தையும் பங்கருக்குள் விட்டுவிட்டு ஓடினார்கள். பல குடும்பங்களுக்கு மிஞ்சியிருப்பது, முன்னொரு காலத்தில் டொரொன்டோவுக்கும் லண்டனுக்கும் தபாலில் அனுப்பிவைத்த கலியாணப் படங்கள்தான். அவை உங்கள் வீட்டு நிலவறையில் ஒரு பிஸ்கட் பேணிக்குள் கிடக்கும். தேடி எடுத்து, பிரதி போட்டு, கடதாசியில் அச்சடித்துக்கொண்டு போங்கள். போனில் காட்டினால் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். கடதாசிப் படம் என்றால் கைமாறும், மடியில் இருக்கும், ராத்திரி தனியாக எடுத்துப் பார்க்கவும் அவர்களிடம் இருக்கும்.

என் அம்மாவின் கலியாணப் படத்தைத் தர்மபுரத்தில் சின்னம்மாவின் கையில் கொடுத்தேன். "கொம்மா என்ன வடிவு" என்றார். பிறகு விரலை ஒவ்வொரு முகமாக நகர்த்திக்கொண்டு வந்தார். இது பெரியப்பா, இது கோண்டாவில் மாமி, இது வீடியோக்காரன்ர தங்கச்சி. முன் வரிசையில் நின்ற எட்டு வயதுப் பையனிடம் வந்ததும் விரல் ஒரு கணம் நின்றது. பெயர் சொல்லாமலே அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. அவர் என் மாமா, சின்னம்மாவின் கடைசித் தம்பி. அந்த இடத்தில் "இவர் ஆர்?" என்று கேட்காமல் இருந்தேனே, அந்தப் பயணத்தில் நான் உருப்படியாகச் செய்தது அதுதான்.

முதல் நாள் ராத்திரி நான் பிழை விட்டிருந்தேன். சாப்பிட்டு முடிந்ததும் முன்னால் உட்கார்ந்து, "2009இல உங்களுக்கு என்ன நடந்தது?" என்று நேராகக் கேட்டுவிட்டேன். சின்னம்மா எழும்பிப் போய், ஏற்கெனவே கழுவி வைத்த சட்டியை எடுத்துத் திரும்பவும் கழுவினார். போரிலிருந்து வெளியே வந்த சனத்தை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமில் சீருடைக்காரர்கள் கேட்ட கேள்வியும் இதே கேள்விதான், இதே மாதிரி முகத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான் கேட்டிருப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அதனால் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், எங்கே என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம், வீதி கேட்கும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று பெயர்ப் பலகைகள் வரும். அந்தச் சனம் ஒதுங்கி ஒதுங்கிப் போனதும் ஏறக்குறைய இதே வரிசையில்தான். வாடகைக் கார் பிடித்து விரைந்து போகாதீர்கள். வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போவோம் என்று வீட்டு ஆளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, யன்னல் பக்கம் அவரை இருத்திவிட்டுப் பக்கத்தில் இருங்கள். இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு போகும்போது வருகிற பேச்சு, முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது வராது.

விசுவமடு தாண்டும்போது சின்னம்மா யன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "இதிலதான் அவன் சைக்கிளை விட்டவன். திரும்பி வந்து எடுக்கலாமெண்டு பூட்டிப்போட்டு வந்தவன். திறப்பு கனநாள் என்னட்டை இருந்தது." அவ்வளவுதான். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். வட்டுவாகல் பாலத்தில் பஸ் ஏறியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். 2009 மே நடுப்பகுதியில் சனம் இராணுவத்தின் பக்கம் கடந்து போன பாலம் அது. குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளையும் கணவன்மாரையும் தங்கள் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்ததும் அந்தப் பக்கத்தில்தான்.

இங்கே ஒரு இலக்கண விஷயம் சொல்ல வேண்டும், தயவுசெய்து இதில் கவனமாக இருங்கள். அப்படி ஒப்படைக்கப்பட்டு இன்னும் திரும்பி வராதவர்களைப் பற்றிப் பேசும்போது "இருந்தார்" என்று சொல்லாதீர்கள். தம்பியைப் பற்றிச் சின்னம்மா இன்றைக்கும் "அவனுக்கு உறைப்புக் கூடினா வயிறு எரியும்" என்றுதான் சொல்கிறார். கணவனைத் தேடும் பெண்கள் பொட்டை அழிக்கவில்லை, திவசமும் செய்யவில்லை. நீங்கள் வாய்தவறிச் சொல்லும் ஒரு இறந்தகாலம் அந்த வீட்டில் ஒரு சாவை அறிவிப்பது போல. சொல்லும் சொல் "காணாமல் போனவர்" அல்ல, "காணாமல் ஆக்கப்பட்டவர்". கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தங்கள் பிள்ளைகளைத் தேடித் தாய்மார் தொடங்கிய போராட்டம் அந்தச் சொல்லுக்காகவும்தான். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் கண்மூடிவிட்டார்கள். அங்கே போனால் செல்பி எடுக்காதீர்கள். ஒரு அம்மாவின் கையிலுள்ள படத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு, அந்தப் பெயரை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில் இருந்த மனிதப் புதைகுழியை 2025இல் தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன, ஒரு குழந்தையின் புத்தகப்பையும் வந்தது. எடுத்த பொருட்களை அடையாளம் காட்ட வரும்படி சனத்தை அழைத்தார்கள். உங்கள் வீட்டில் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம், போகாமலே இருந்திருக்கலாம். அதை நீங்களாக எடுக்க வேண்டாம்.

அடுத்தது அவர்களுடைய பாதுகாப்பு. நீங்கள் மூன்று கிழமையில் விமானம் ஏறிவிடுவீர்கள், அதற்குப் பிறகு "வந்தது ஆர், என்ன கேட்டவை?" என்ற விசாரணை அந்த வீட்டு வாசலுக்குத்தான் வரும். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தனையோ பேரை விழுங்கியது. 2024 மே மாதம் சம்பூரில், கடைசி நாட்களில் சனம் குடித்த கஞ்சியின் நினைவாகக் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் கொடுத்ததற்குப் பெண்களைக் கைது செய்தார்கள். ஆகவே வீட்டாரின் முகமோ குரலோ ஊர்ப் பெயரோ சமூக வலைத்தளத்தில் வேண்டாம். ஒலிப்பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், மறுநாள் இன்னொரு தடவையும் கேளுங்கள். ராத்திரி "ஓம்" சொன்னவர் விடிய "வேண்டாம்" என்றால் அவருக்கு முன்னாலேயே அழித்துவிடுங்கள். கதை கேட்ட கையோடு காசைக் கொடுக்காதீர்கள், அது விலை மாதிரி ஆகிவிடும். கொடுப்பதை வந்த அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

ஒன்றுமே சொல்லாத வீடும் உண்டு. பிள்ளையை இயக்கத்துக்கு, அதாவது புலிகளுக்கு, கொடுத்தவர்கள், காயப்பட்டவரை வழியில் விட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். அந்த முடிவை எடுக்க வேண்டி வராத நாங்கள் அதை விளக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது என்றே நினைக்கிறேன். அந்த வீட்டில் தேங்காய் துருவிக் கொடுங்கள், தண்ணி அள்ளுங்கள், பின்னேரம் விறாந்தையில் இருங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் திரும்பிய பிறகு அவர்களுக்குச் சில நாட்கள் நித்திரை வராது. மூடி வைத்ததைத் திறந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இறங்கியதும் "வந்து சேர்ந்திட்டன்" என்று ஒரு வட்சப் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். முதல் மாதம் கிழமைக்கு இரண்டு தடவையாவது போன் எடுங்கள். அந்தக் கதையை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். நான் எடுத்தபோது சின்னம்மா, "சாப்பிட்டியே?" என்றார். பிறகு அரை மணித்தியாலம் சிவப்பு மாடு கன்று போட்டதைப் பற்றியே பேசினோம். வைக்கப் போகும்போது, படத்துக்கு ஒரு கண்ணாடிச் சட்டம் போட்டுத் தரக் கிளிநொச்சியில் நல்ல கடை ஏதும் தெரியுமா என்று என்னிடம் கேட்டார்.