கரண்டியில் தொடங்கிய நோட்டு

செட்டிநாட்டு வீடுகளை வரையலாம் என்று போன வருடம் காரைக்குடி போனேன். இரண்டு நாள் கானாடுகாத்தானில் தெருத்தெருவாக அலைந்தும் உருப்படியாக ஒரு கோடு விழவில்லை. வீடு ஒவ்வொன்றும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. எதை என்று வரைவது? வரைந்த இரண்டும் காலண்டர் படம் மாதிரி இருந்தன.

மூன்றாம் நாள், ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறை ஒன்றில் சும்மா எட்டிப் பார்த்தேன். ஒரு அக்கா கண்ணாடிமேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தார். அதன்மேல் மணலும் சிமெண்டும். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைப்பதோடு சரி. கண்ணாடியில் படிந்த பக்கம்தான் அந்தப் பளபளப்பு.

"என்ன தம்பி, கரண்டியையா வரையுறீங்க?" என்று சிரித்தார். ஆமாம், அதைத்தான். விளிம்பில் காய்ந்துபோன பச்சை, சிவப்பு, கொஞ்சம் வளைந்த காம்பு. பத்தே நிமிடம்.

அப்புறம் எந்த ஊர் போனாலும் முதல் படம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான்: லாட்ஜ் சாவி, டீ கிளாஸ், கசங்கிய பஸ் டிக்கெட். பத்து நிமிடம், ரப்பர் கிடையாது. கோபுரமும் மாளிகையும் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செட்டிநாட்டுப் பயணத்தில் அந்த இரண்டுக்கு மேல் கடைசிவரை ஒரு வீடும் வரையவில்லை. நோட்டு மட்டும் பாதி நிறைந்திருந்தது.