குருதிப் புற்றுநோயும் பாஷாணமும்: மேற்கத்திய, சீன மருத்துவங்களைச் சேர்த்துப் பேசும்போது நேரும் தவறுகள்

திருகோணமலையில் மழைக்குப் பிந்திய மாதங்களில் காய்ச்சலோடு வரும் எவருடைய குருதிப் பரிசோதனைத் தாளிலும் வீட்டார் முதலில் தேடுவது ஒரேயொரு வரியைத்தான். பிளேட்லெட் எத்தனை? 2017ஆம் ஆண்டில் டெங்கு இந்த மாவட்டத்தை, குறிப்பாகக் கிண்ணியாவை, வாட்டி எடுத்த பிறகு அந்தப் பழக்கம் ஆழமாக வேரூன்றிவிட்டது. பழக்கத்தில் பிழையில்லை, அந்த ஒரு வரியோடு தாளை மடித்து வைத்துவிடுவதில்தான் பிழை இருக்கிறது. ஆய்வுகூடத்தில் பல ஆண்டுகள் நுணுக்குக்காட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: லுகேமியா என்னும் குருதிப் புற்றுநோய் நம்மிடையே தாமதமாகப் பிடிபடுவதற்கு இந்த மடித்த தாளும் ஒரு காரணம்.

டெங்கில் விழுந்த பிளேட்லெட் சில நாட்களில் தானாகவே ஏறத் தொடங்கிவிடும். லுகேமியாவில் அது ஏறாது. எலும்புக்குள் குருதிக் கலங்கள் பிறக்கும் என்புமச்சையில் முதிராத வெண்குருதிக் கலங்கள் பெருகி இடத்தை அடைத்துக்கொள்வதால், பிளேட்லெட்டோடு ஹீமோகுளோபினும் இறங்கும், நோயை எதிர்க்கும் நல்ல வெண்கலங்களும் குறையும். ஆகவே மூன்று வரிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். காய்ச்சல் விட்டு இரண்டு வாரங்கள் ஆகியும் பிளேட்லெட் ஏறாமல், முகம் வெளிறி, முரசில் இரத்தம் கசிந்து, காலில் விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தெரியும் பிள்ளைக்கு இன்னும் ஒரு கிழமை பப்பாசி இலைச் சாறு கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் இருப்பது ஆபத்தானது. அந்த நிலையில் 'பிளட் பிக்சர்' எனப்படும் குருதிப் பூச்சுப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. வெண்கலங்களின் எண்ணிக்கை சாதாரணமாக இருக்கிறதே, பிறகு எப்படிக் குருதிப் புற்றுநோய் என்று பலர் வாதிடுவார்கள். பெயர் செய்யும் மயக்கம் இது. 1840களில் ஜெர்மனிய மருத்துவர் ருடோல்ஃப் விர்ஹோ 'வெள்ளைக் குருதி' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து நோய்க்குப் பெயர் சூட்டியபோது அவர் கண்டது வெண்கலங்கள் பெருகிக் கிடந்த குருதியை. ஆனால் வெண்கல எண்ணிக்கை குறைந்தே தொடங்கும் லுகேமியாக்களும் இருக்கின்றன. எண்ணிக்கையை இயந்திரம் சொல்லிவிடும். கலத்தின் முகத்தைக் கண்தான் பார்க்க வேண்டும். லீஷ்மன் சாயத்தில் ஊதா நிறமேறிய ஒரு கலத்தில், கருவே கலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஓரத்தில் நூலளவு மட்டும் கலவுரு மிஞ்சியிருந்தால், மொத்த எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் அந்தத் தாளை உடனே மருத்துவரிடம் சேர்ப்பித்தாக வேண்டும்.

எந்த லுகேமியா என்று கேட்காமல் பேசுவது

எல்லாத் தவறுகளுக்கும் தாய்த்தவறு என்று நான் கருதுவது இதைத்தான். லுகேமியா ஒரே நோயன்று. திடீரெனத் தாக்குவது, மெல்ல வளர்வது என்று ஒரு பிரிவும், நிணநீர்க் கல வழியில் பிறப்பது, மச்சைக் கல வழியில் பிறப்பது என்று இன்னொரு பிரிவுமாக முதலில் நான்கு பெரிய வகைகள். அவற்றுக்குள் நிறமூர்த்தங்களை (குரோமோசோம்களை) பார்த்துப் பிரிக்கப்படும் உட்பிரிவுகள் ஏராளம். சிறுவர்களிடம் அதிகம் காணப்படும் திடீர் நிணநீர்க்கல லுகேமியாவுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும் கீமோ சிகிச்சை தேவை. மெல்ல வளரும் மச்சைக்கல லுகேமியாவுக்கோ, 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பிறக்கும் ஒரு புரதத்தைக் குறிவைத்து 2001இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட இமாற்றினிப் என்னும் மாத்திரை போதுமானதாக இருக்கிறது. "என் மாமாவுக்கு ஊசியே போடவில்லை, வெறும் மாத்திரையிலேயே இருக்கிறார், உங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் இத்தனை ஊசி?" என்று தம்பலகாமத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் கேட்க, வார்ட்டில் இருந்த தாய் விடை தெரியாமல் அழுததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு நோய்கள் என்ற ஒரு வாக்கியம் அங்கே தேவைப்பட்டது.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் சீன மருத்துவத்தின் பக்கம் போக வேண்டும். ஏனென்றால் அங்கிருந்து வரும் செய்தி நம் ஊருக்கு வந்து சேரும்போது, "சீனாக்காரன் பாஷாணத்தைக் கொடுத்து இரத்தப் புற்றுநோயைச் சுகப்படுத்திவிட்டான்" என்று சுருங்கிவிடுகிறது. சித்த மருத்துவப் பரிச்சயம் உள்ள ஊர் இது. கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்திலேயே அது பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. வெள்ளைப் பாஷாணம், அரிதாரம், மனோசிலை என்ற பெயர்கள் நம் முதியவர்களுக்குப் புதியவையல்ல. ஆகவே செய்தி காதில் விழுந்ததும் நம்மிடமும் அது இருக்கிறதே என்ற பெருமிதமும் கூடவே எழுகிறது. பெருமிதத்தைக் குறை சொல்ல மாட்டேன். நடந்தது என்ன என்பதை முழுதாகத் தெரிந்துகொண்ட பிறகு பெருமைப்படலாம்.

1970களின் தொடக்கத்தில், வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரத்து மருத்துவர் சாங் டிங்டொங்கும் அவரது குழுவினரும், கிராமத்து வைத்தியர் ஒருவர் புற்றுநோய்க்குப் பயன்படுத்திவந்த கலவையொன்றைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். அதில் வெள்ளைப் பாஷாணம், பாதரச உப்பு, தேரையின் நஞ்சு ஆகிய மூன்றும் இருந்தன. அவர்கள் செய்த முக்கியமான வேலை அந்தக் கலவையை அப்படியே போற்றி வைத்துக்கொள்ளாமல் பிரித்துப் பார்த்ததுதான். தேரை நஞ்சு இரத்த அழுத்தத்தை ஏற்றியது, பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுத்தது; இரண்டையும் நீக்கினார்கள். எஞ்சிய வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆசனிக் மூவொட்சைட்டு, பல நோயாளிகளிடம் பயன்படுத்தப்பட்டதில், மற்ற வகைகளைவிட ஒரு வகையில் மட்டும் அது வியக்கத்தக்க பலன் தருவது தெளிந்தது. 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் உண்டாகும் புரோமைலோசைற்றிக் லுகேமியா என்பதே அந்த வகை. மச்சைக்கல வழியில் வரும் திடீர் லுகேமியாக்களில் இது ஒரு சிறு பங்கு. நுணுக்குக்காட்டியில் இதன் கலங்களுக்குள் ஊசி போன்ற செந்நிறக் குச்சிகள் விறகுக்கட்டுப் போலக் குவிந்து கிடப்பதுண்டு. ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். முன்பு இந்நோயாளர்கள் மூளையிலோ நுரையீரலிலோ இரத்தம் பெருகி, கண்டறியப்பட்ட சில நாட்களிலேயே இறந்துபோவது வழக்கமாக இருந்தது.

இதே நோய்க்கு இன்னொரு மருந்தை ஷாங்ஹாயின் வாங் சென்யி 1985இல் ஒரு சிறுமிக்குக் கொடுத்தார். அது விற்றமின் ஏ வழிவந்த ரெட்டினோயிக் அமிலம். சீனர் ஒருவர் கண்ட பயன் என்பதற்காக அதையும் சீனப் பாரம்பரிய மருந்து என்று எழுதுகிறவர்கள் உண்டு; அது தவறு. மறுபக்கம், ஆசனிக்கை முழுக்கச் சீனச் சொத்தாகக் கருதுவதும் சரியன்று. இங்கிலாந்தின் தோமஸ் ஃபௌலர் 1786இல் வெளியிட்ட ஆசனிக் கரைசலை மேற்கத்திய மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே லுகேமியாவுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எந்த வகைக்கு, எவ்வளவு என்பது அப்போது அவர்களுக்கும் தெரியவில்லை. பின்னாளில் அந்த நோயை உண்டாக்கும் கலப்புப் புரதத்தின் ஒரு பகுதியை ஆசனிக்கும் மறு பகுதியை ரெட்டினோயிக் அமிலமும் பற்றிச் சிதைக்கின்றன என்று கண்டறிந்த பிறகே இரண்டும் இணைந்தன. 2000இல் அமெரிக்காவும் ஆசனிக் மூவொட்சைட்டை ஏற்றது. 2013இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்று, குறைந்த ஆபத்துடைய நோயாளர்களுக்கு வழக்கமான கீமோ இல்லாமலே இந்த இணை போதும் என்று காட்டியது.

இப்போது அந்த மருந்து கொடுக்கப்படும் விதத்தைப் பாருங்கள். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.15 மில்லிகிராம், நாளத்தினூடாக, சொட்டுச் சொட்டாக. இதயத்துடிப்பின் லயம் கெடக்கூடும் என்பதால் ஈசீஜீ அடிக்கடி எடுக்கப்படும்; குருதியின் பொட்டாசியமும் மக்னீசியமும் அளக்கப்படும்; மூச்சு முட்டலும் காய்ச்சலும் தோன்றினால் உடனே ஸ்ரீரொய்ட் கொடுக்கப்படும். பத்திரிகைத் தாளில் மடித்துத் தரப்படும் சாம்பல் நிறப் பொடிக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. பொடியில் எவ்வளவு ஆசனிக் இருக்கிறதென்று கொடுத்தவருக்கும் தெரியாது. உள்ளங்கை தடித்து, தோல் கறுத்து, கால்விரல்கள் மரத்துப்போன பிறகுதான் உடல் அதைச் சொல்லும். வேறு வகை லுகேமியா உள்ளவருக்கு நஞ்சு மட்டும் மிஞ்சும், அந்தப் பலன் கிடைக்காது.

நம் வீட்டு வேலியோரத்துப் பட்டிப்பூவுக்கும் இதே கதைதான். நித்தியகல்யாணி என்று இந்தியாவில் சொல்லப்படும் அந்தச் செடியிலிருந்துதான் 1960களில் வின்கிரிஸ்டின் வந்தது. சிறுவர் லுகேமியாவில் இன்றும் அது கைவிடப்படாத மருந்து. ஒரு கிராம் வின்கிரிஸ்டினைப் பிரித்தெடுக்க நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். இலையை அவித்துக் குடித்தால் அந்த மருந்தின் அளவு கிடைக்காது, செடியிலுள்ள மற்ற நச்சுகள் வேண்டுமானால் கிடைக்கும்.

ஒரு மருத்துவத்தின் சொல்லை மற்றதன் சொல்லாக வாசிப்பது

சீன மருத்துவ நூல்களில் சிறுநீரகம் என்பு மச்சையைப் பிறப்பிக்கிறது என்று இருக்கும். அதை வாசித்துவிட்டு, லுகேமியா உள்ளவரின் சிறுநீரகத்துக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டவர் இருக்கிறார். அங்கே சிறுநீரகம் என்பது பிறவியோடு வந்த உயிர்ச்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஒரு செயற்பாட்டின் பெயர். விலாவின் கீழிருக்கும் உறுப்போடு அதற்குப் பாதி உறவுதான். 'ச்சி' என்னும் ஆற்றல் குன்றியது, நச்சு வெப்பம் உட்புகுந்தது, குருதி தேங்கியது என்ற விவரிப்புகள் நோயாளியின் களைப்பையும் காய்ச்சலையும் கண்டல்களையும் அடுக்கிப் பார்க்கும் ஒரு முறை. நமது வளி, அழல், ஐயமும், சாரம், செந்நீர், ஊன் என்று தொடங்கும் ஏழு தாதுக்களும் அப்படிப்பட்டவையே. ஆகையால் தமிழருக்கு இந்த மொழி எளிதில் புரியும், எளிதில் புரிவதாலேயே மயக்கமும் தரும். நாடி பார்த்து 'அழல் மிகுந்தது' என்று ஒரு வைத்தியர் சொல்வது அவருடைய முறைக்குள் பொருளுள்ளதாக இருக்கலாம். அது மச்சைப் பரிசோதனைக்கு மாற்றாகாது. சீனாவின் பெரிய வைத்தியசாலைகளிலேயே லுகேமியா நோயாளருக்கு முதலில் மச்சை எடுத்து, நிறமூர்த்தம் பார்த்து, கீமோவைத் தொடங்குகிறார்கள். மூலிகைகள் பெரும்பாலும் அதற்குத் துணையாக வருகின்றன. இதைச் சொல்லாமல் மூலிகையை மட்டும் சொல்லும் செய்திதான் நம்மிடம் அதிகம் வருகிறது.

மச்சை எடுப்பதைப் பற்றிய அச்சம் வேறு. இடுப்பெலும்பில் ஊசி போட்டால் நோய் பரவும் என்பார்கள். லுகேமியா ஏற்கெனவே குருதி போகுமிடமெல்லாம் போயிருக்கும் நோய். ஊசி அதற்கு வழி காட்ட வேண்டியதில்லை.

வீட்டில் நேரும் தவறுகள்

காலை நொண்டிக்கொண்டு, இரவில் எலும்பு நோகிறது என்று அழும் பிள்ளைக்கு 'வாதம்' என்று யாரோ கொடுத்த மாத்திரையில் ஸ்ரீரொய்ட் இருந்தால், நோவு மாயமாக மறைந்துவிடும். நிணநீர்க்கல லுகேமியாவுக்கு ஸ்ரீரொய்ட்டும் ஒரு மருந்து என்பதால், அது கலங்களை அரைகுறையாகக் கொன்று, பின்னர் எடுக்கப்படும் மச்சைப் பரிசோதனையைக் குழப்பி, நோயைச் சில வாரங்களுக்கு மறைத்துவிடுகிறது. சில 'மூலிகை' வில்லைகளில் ஸ்ரீரொய்ட் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஒரே நாளில் குணம் தரும் பெயரில்லா மருந்தைக் கண்டால் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவதே நல்லது.

சிகிச்சையின் முதல் மாதம் முடிந்ததும் குருதி சாதாரணமாகிவிடும்; முடி கொட்டிய பிள்ளை விளையாடத் தொடங்கும். ஏறத்தாழ 260 கிலோமீற்றர் கடந்து மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ்ஸில் போய்வந்து களைத்த குடும்பம், இனி ஊரிலேயே நாட்டு மருந்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் கட்டம் அதுதான். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. கூலி வேலையை விட்டுவிட்டுப் போகும் பயணம் அது. ஆனால் நோய் தணிந்தது என்பதற்கு மச்சையில் முதிராக் கலங்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கின என்பதே பொருள். கண்ணுக்குத் தெரியாமல் கோடிக்கணக்கான கலங்கள் அப்போதும் மிஞ்சியிருக்கலாம். நிறுத்திய இடத்தில் அவை மீண்டும் எழும்போது முன்னைய மருந்துகளுக்கு அவ்வளவாக மசிவதில்லை.

கீமோ காலத்தில் 38 பாகை செல்சியஸ் காய்ச்சலை வேறெந்தக் காய்ச்சலோடும் சேர்க்கக் கூடாது. பனடோலும் கொத்தமல்லிக் குடிநீரும் கொடுத்து, அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருப்பது உயிரைப் பறிக்கலாம். மகரகமவில் காட்டுகிறவராக இருந்தாலும் அன்றிரவே அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய், கீமோ எடுப்பவர் என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். பிளேட்லெட் குறைந்திருக்கும்போது அஸ்பிரின், பேதி மருந்து, தசை ஊசி, எண்ணெய் தடவி அழுத்திப் பிடித்தல் ஆகியவை வேண்டாம். கீமோவால் வரும் குமட்டலைத் தணிக்க அக்குபங்சர் உதவுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு; அதையும் அன்றைய குருதி அறிக்கையை மருத்துவர் பார்த்த பின்னரே செய்துகொள்ள வேண்டும். இமாற்றினிப் எடுப்பவர்கள் பம்பளிமாசு இனத்துப் பழங்களைத் தவிர்ப்பது நல்லது, அவை குருதியில் மருந்தின் அளவை ஏற்றக்கூடும்.

நேர்த்தியைப் பற்றியும் கேட்பார்கள். கோணேசருக்கு வைத்த நேர்த்தி எந்த மருந்தோடும் முட்டாது. முட்டுவது, சொல்லாமல் கொடுக்கும் மருந்துதான். "இதை மட்டும் டொக்டருக்குச் சொல்லிப்போடாதீங்க தம்பி" என்று உப்புவெளியைச் சேர்ந்த ஒரு பாட்டி தன் சேலைத்தலைப்பிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை அவிழ்த்துக் காட்டினார். பேரனின் ஈரல் நொதியங்கள் ஏன் ஏறுகின்றன என்று மூன்று கிழமையாக எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம் அது. நான் அவருடன் போய் மருத்துவரிடம் பேசினேன். மருத்துவர் ஏசவில்லை. பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்து, யார் கொடுத்தது, எப்போதிலிருந்து, ஒரு வேளைக்கு எத்தனை கரண்டி என்று கேட்டு, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவிட்டு, இனி வேறு ஏதாவது கொடுக்க நினைத்தாலும் இதே பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள் அம்மா என்றார். அடுத்த முறை பாட்டி வந்தபோது அந்தப் பக்கத்தில் இரண்டு வரிகள் கூடியிருந்தன: வல்லாரைச் சம்பல், வேப்பம்பூ. இரண்டுக்கும் மருத்துவர் பச்சை மையால் சரி போட்டிருந்தார். சம்பலுக்குப் பக்கத்தில் மட்டும், இலையை நன்றாகக் கழுவி அவித்துக் கொடுக்கவும் என்று ஒரு குறிப்பு.