வீட்டுக்குள் பாம்பு: கண்ட நிமிடத்திலிருந்து என்ன செய்வது

ஐப்பசி மழை பிடித்ததும் வன்னியில் எலிக்கும் பாம்புக்கும் ஒரே தொல்லைதான், பொந்துக்குள் தண்ணீர். எலி நெல்மூடை அடுக்கிய அறையைத் தேடி வரும். பாம்பு எலியைத் தேடி வரும். காலபோக அரிவு வெட்டு முடிகிற தை, மாசியிலும் இதே கதை. வயல் வெளித்துப்போக, வரம்பில் இருந்த எலியெல்லாம் வளவுப் பக்கம் நகரும். ஆகவே குசினிக்குள் பாம்பைக் கண்டால் அது ஆரோ ஏவிவிட்டதோ, குறை சொல்ல வந்ததோ அல்ல. சாப்பாட்டுக்கும் காய்ந்த இடத்துக்கும் வந்திருக்கிறது.

பாம்பு பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்காகத்தான் இந்த விளக்கம். பாம்பைப் பிடிப்பது எப்படி என்று இதில் இல்லை. அது வெளியே போகும் வரை, அல்லது பிடிக்கத் தெரிந்தவர் வரும் வரை, வீட்டில் ஒருவருக்கும் கடி விழாமல் பார்ப்பது எப்படி என்பதுதான் இருக்கிறது.

படி 1: ஆறடி

கண்ட இடத்தில் நில்லுங்கள். பிறகு மெல்லப் பின்னால் வாருங்கள். பாம்பு பொதுவாகத் தன் உடம்பு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் எட்டிக் கொத்தும். நாலடிப் புடையனுக்கு (கண்ணாடி விரியனுக்கு) அது இரண்டடிக்குள். எனவே ஆறடி தள்ளி நின்றால் நிலைமை உங்கள் கையில். துரத்திக்கொண்டு வந்து கடிக்கிற பாம்பு கதைகளில்தான் உண்டு. உங்கள் பக்கமாக ஓடி வந்தால், பெரும்பாலும் நீங்கள் அதன் வழியில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

கத்தினாலும் அதற்குப் பெரிதாகக் கேளாது. தரையில் வருகிற அதிர்வுதான் அதற்கு நன்றாகத் தெரியும். தடதடவென்று ஓடினால் அது அலுமாரிக்குப் பின்னால் போய்விடும்.

படி 2: ஒருவர் பார்க்க, மற்றவர் வேலை செய்ய

எல்லாப் படியிலும் இதுதான் முக்கியம். அனேகமான வீடுகளில் நடப்பது இது: பாம்பைக் கண்டதும் ஒருவர் பொல்லு எடுக்க ஓடுவார், ஒருவர் பக்கத்து வளவுக்காரரைக் கூப்பிட ஓடுவார், ஒருவர் பிள்ளைகளைத் தூக்குவார். திரும்பி வந்து பார்த்தால் பாம்பைக் காணவில்லை. அதன்பிறகு அந்த வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை.

அதனால் ஒருவர் அசையாமல் நின்று பாம்பை மட்டும் பார்க்க வேண்டும். போன் பார்க்கக்கூடாது, கதைக்கவும் கூடாது. இரவென்றால் அவர் கையில் ரோச் லைட் இருக்கட்டும். மற்றவர் பிள்ளைகளையும் வயதானவர்களையும் வெளியே விட்டு, நாயைக் கட்ட வேண்டும். நாய் குரைத்துப் பாம்பை மூலைக்குள் தள்ளும், கடியும் வாங்கும். பூனையும் அப்படித்தான்.

நின்ற இடத்திலிருந்தே போனில் பெருப்பித்து இரண்டு படம் எடுத்து வையுங்கள். பிறகு உதவும்.

படி 3: ஒரு வழியைத் திற, மற்றதை அடை

பாம்புக்கு வெளியே போகத்தான் விருப்பம். வழி தெரியாமல்தான் நிற்கிறது. முதலில் உள்ளறைக் கதவுகளைச் சாத்துங்கள். கதவின் கீழ் இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு விரல் நுழைகிற இடைவெளியால் ஒரு குட்டி விரியன் தாராளமாகப் போகும். ஒரு சாக்கையோ பழைய சாரத்தையோ தண்ணீரில் நனைத்து, இறுக்கி உருட்டி, கதவடியில் முழு நீளத்துக்கும் அமத்துங்கள். காய்ந்த துணி இலேசாக நகர்ந்துவிடும். ஈரத்துணி சீமெந்தோடு ஒட்டிப் படிந்து கிடக்கும்.

அடுத்து, பாம்புக்குக் கிட்டவாக இருக்கிற வெளிக்கதவை அகலத் திறந்து விடுங்கள். பாம்பு வெறும் தரையின் நடுவால் போக விரும்பாது. சுவரோரம்தான் போகும். கதவு அதே சுவரில் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால், கதவுப் பக்கத்திலிருந்து ஒரு நீட்டுப் பலகையையோ சுருட்டிய பாயையோ நிலத்தில் வைத்து ஒரு பொய்ச் சுவர் உண்டாக்கலாம். ஆறடிக் கணக்கை அப்போதும் மறக்கவேண்டாம். பாம்புக்குக் கிட்டப் போய்த்தான் வைக்கமுடியும் என்றால் அதை விட்டுவிடுங்கள்.

இரவில் ஒரு சின்ன உபாயம் உண்டு. அறை லைட்டைப் போட்டபடி விட்டு, விறாந்தை லைட்டையும் முற்றத்து லைட்டையும் அணையுங்கள். பாம்பு வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குத்தான் நகரும். பலர் பயத்தில் முற்றத்து லைட் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பாம்பு ஏன் வெளியே வரமாட்டேன் என்கிறது என்று யோசிப்பார்கள்.

இனிக் காத்திருக்க வேண்டும். அரை மணித்தியாலமும் ஆகலாம், ஒரு மணித்தியாலமும் ஆகலாம். போகிற வழியில் ஒருவரும் நிற்கக்கூடாது. வெளியே போன பிறகும், எந்தப் பக்கம் போனது என்று பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். வாசலில் இருக்கிற செருப்பு அடுக்குக்குள் புகுந்திருந்தால் வேலை முடியவில்லை.

படி 4: போகாவிட்டால்

வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. அழைக்கும்போது இடம், பாம்பின் பருமட்டான நீளம், எந்த அறையில் எந்த மூலையில் நிற்கிறது, ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறாரா என்பவற்றைச் சொல்லுங்கள். ஊருக்குள் பிடிக்கத் தெரிந்தவர் இருந்தால் அவரைக் கூப்பிடலாம். ஆனால் வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்கி ஆட்டிக் காட்டுகிறவரைக் கூப்பிடவேண்டாம். சரியாகத் தெரிந்தவர் கொளுக்கிக் கம்பியோடு வருவார். நாலங்குலப் பீவீசீ குழாய் ஒன்றின் ஒரு பக்கத்தில் துணிப்பையைக் கட்டி, மறுபக்கத்தைச் சுவரோரமாகப் பாம்பின் முன் வைப்பார். இருட்டுப் பொந்தென்று நினைத்து அது தானாக நுழையும். பார்க்கச் சுலபமாக இருக்கும். பையை முடிகிற அந்த ஒரு கணத்தில்தான் கடி விழுகிறது. நீங்கள் செய்து பார்க்கவேண்டாம்.

மண்ணெண்ணெய் ஊற்றுவது, உள்ளி கரைத்துத் தெளிப்பது, மிளகாய்ப் புகை போடுவது எதுவும் வேண்டாம். உள்ளிக்குப் பாம்பு அஞ்சாது. மண்ணெண்ணெய் அதன் தோலை எரிக்கும். எரிச்சலில் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்லமுடியாது.

அடிப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். அடிக்கப் போகிறவர் கட்டாயம் ஆறடிக்குள் போகிறார். முதல் அடி தலையில் விழுவது அபூர்வம். செத்துப்போனது என்று கையால் எடுக்கும்போது கடி வாங்கியவர்களும் உண்டு. துண்டான தலைகூடச் சிறிது நேரத்துக்குக் கடிக்கும்.

என்ன பாம்பு?

தெரிந்து வைத்திருப்பது நல்லது, அதை நம்பித் தொடுவது கூடாது. வன்னியில் உயிராபத்து உள்ளவை முக்கியமாக நாலு: நாகம், புடையன் என்கிற கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை.

புடையன் பருத்த உடம்பு. முதுகிலும் இரு பக்கத்திலும் சங்கிலி கோத்ததுபோல மூன்று வரிசை நீள்வட்டப் புள்ளிகள். சீண்டினால் குக்கர் விசிலைப்போலச் சீறும். இதன் புள்ளியைப் பார்த்து வெங்கிணாந்திக் குட்டி, அதாவது மலைப்பாம்புக் குட்டி, என்று நினைத்துத் தூக்குகிற தவறுதான் ஆகப் பெரிய தவறு. வெங்கிணாந்தியின் புள்ளி ஒழுங்கில்லாத பெரிய திட்டுகளாக இருக்கும். ஐமிச்சமென்றால் புடையன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெங்கிணாந்தி என்றாலும் அதைக் கொல்லக்கூடாது, சட்டம் பாதுகாக்கிற உயிர். சுருட்டை சின்னது. மடிந்து மடிந்து சுருண்டு, செதில்களை உரசி மரம் அரிகிற சத்தம்போடும்.

கட்டு விரியன்தான் வீட்டுக்குள் கவலைப்படவேண்டிய பாம்பு. மினுமினுத்த கறுப்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள். வீடுகளில் பல்லி பிடிக்க வருகிற விசமில்லாத பாம்பு ஒன்றுக்கும் இதேபோல வளையம் உண்டு. விரியனின் வளையம் வால் பக்கம் தெளிவாகி, தலைப்பக்கம் மங்கும். மற்றதில் தலைப்பக்கம் தெளிவாகி, வால்பக்கம் மங்கும். ரோச் வெளிச்சத்தில் ஓடுகிற பாம்பில் இதைப் பார்த்து முடிவெடுக்க முடியுமா என்று நீங்களே யோசியுங்கள்.

பாம்பு காணாமற்போனால்

அந்த அறையிலிருந்து வீட்டுக்குள் போகிற கதவைச் சாத்தி, கதவடியில் ஈரச்சாக்கை வையுங்கள். வெளிக்கதவு நிலைக்குக் குறுக்கே, உட்பக்கமாக, ஒரு சாண் அகலத்துக்குச் சாம்பலோ கோதுமை மாவோ மெல்லிசாகத் தூவி, கதவைத் திறந்தபடி விடுங்கள். விடியப் பார்த்தால் வளைந்த தடம் எந்தப் பக்கம் போனதென்று சொல்லும். தடம் இல்லையென்றால் பகல் வெளிச்சத்தில் தேடுங்கள். குளிர்சாதனப்பெட்டியின் பின்பக்கம், சுருட்டி நிறுத்திய பாய், அழுக்கு உடுப்புக் குவியல், சப்பாத்து, அரிசிப் பீப்பாவின் பின்னால். எதையும் கையால் தூக்காமல், நீட்டுத் தடியால் உங்கள் பக்கமாக இழுத்துச் சாயுங்கள். அப்போது பொருள் உங்களுக்கும் பாம்புக்கும் நடுவில் இருக்கும்.

அன்றிரவு நிலத்தில் ஒருவரும் படுக்கக்கூடாது. கட்டு விரியன் இரவில் திரிகிறது, பாயில் படுத்தவரைத்தான் அதிகம் கடிக்கிறது. கடித்த இடத்தில் நோவும் வீக்கமும் இல்லாமலே போகலாம். எறும்பு கடித்தது என்று திரும்பிப் படுத்தவர், விடியப்புறம் வயிற்றுநோவோடு எழும்புவார், கண்ணிமை தூங்கி விழும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சு நிற்கும். கட்டில் இல்லாத வீட்டில் நுளம்புவலை பெரிய காவல். ஆனால் வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே சுற்றிவரச் செருகினால்தான். தொங்கவிட்ட வலையால் பாம்பு உள்ளே வந்துவிடும்.

கடி விழுந்தால்

1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ பலகைத்துண்டு வைத்துத் துணியால் கட்டி அசையாமல் வையுங்கள், இறுக்காமல். கயிற்றால் இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று, காலே போகலாம். கீறுவது, உறிஞ்சுவது, விசக்கல் வைப்பது, குடிக்க மருந்து கொடுப்பது ஒன்றும் வேண்டாம். சத்தி எடுத்தால் இடப்பக்கம் திருப்பிப் படுக்கவையுங்கள். வீக்கத்தின் எல்லையைப் பேனையால் கோடிட்டு, நேரத்தையும் எழுதுங்கள்.

அம்புலன்ஸ் வரப் பிந்துகிற உட்கிராமமென்றால் காத்திருக்காமல், மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடிப்பவருக்கும் நடுவில் இருத்திக்கொண்டு வெளிக்கிடுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் எது கிட்டவோ அங்கே. விசகடி வைத்தியரிடம் முதலில் காட்டிவிட்டுப் போவோம் என்கிற அந்த ஒரு மணித்தியாலம் திரும்பி வராது.

செத்த பாம்பைக் கொண்டுபோகத் தேவையில்லை. இங்கே பாவிக்கிற விசமுறிவு மருந்து மேலே சொன்ன நாலு பாம்பின் விசத்துக்கும் சேர்த்துச் செய்தது. இரத்தத்தை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். கட்டியாகாமல் ஓடினால் புடையன் வகை விசம் வேலை செய்கிறது என்று தெரியும். நீங்கள் எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது. விசம் ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்தாலும் 24 மணித்தியாலம் அங்கே இருக்கவேண்டும்.

திரும்ப வராமல்

கதவடியில் இறப்பர்ப் பட்டி அடியுங்கள். குளியலறைத் தண்ணீர் போகிற குழாய் வாய்க்குக் கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலை போடுங்கள். பூசாத கல் சுவரில் கல்லிடுக்குகளைச் சாந்தால் அடையுங்கள். விறகையும் பொச்சுமட்டையையும் வீட்டுச் சுவரோடு சாய்த்து அடுக்காமல், 10 அடி தள்ளி, நிலத்திலிருந்து ஓரடி உயர்த்திய தட்டில் அடுக்குங்கள். நெல்மூடையும் அப்படித்தான், தட்டுக்குக் கீழே தும்புத்தடி போய்வர இடம் இருக்கவேண்டும். கோழிக்கூட்டில் முட்டையை அன்றன்றே எடுங்கள். சாரையும் நாகமும் முட்டைக்கு வரும்.

தோட்டத்தைச் சுற்றிப் பழைய மீன்வலை கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வலையின் கீழ் ஓரம் நிலத்தில் கிடந்தால் இரவில் பாம்பு சிக்கும். காலையில் தண்ணீர் மாற வருகிறவரின் காலடியில் அது உயிரோடு கிடக்கும். ஓரத்தை நிலத்திலிருந்து அரையடி தூக்கிக் கட்டுங்கள். சிக்கியதைக் கண்டால் வெட்டி விடுவிக்கப் போகவேண்டாம். வெயில் படாமல், நீட்டுத் தடியால் ஒரு ஈரச்சாக்கை அதன்மேல் போட்டுவிட்டு 1992க்கு அழையுங்கள்.